பெயருக்கு ஒரு வரி போதும்: ஜப்பானில் படிவம் வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: டிஜிட்டல் முகமை, குடிவரவு முகமை, வார்டு அலுவலகங்களின் குடியிருப்போர் பதிவுப் பிரிவினர், வங்கி, கைபேசி, வாடகை உத்தரவாத நிறுவனங்களில் விண்ணப்பப் படிவம் வடிவமைக்கும் அனைவரும்.

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

ஜப்பானில் வாழும் வெளிநாட்டவரிடம் அன்றாடத் தொல்லை எது என்று கேட்டால், குப்பை பிரிப்பு, வீடு கிடைக்காதது, வீட்டுக்காரருக்குத் தந்தால் திரும்பி வராத சாவிப் பணம் என்று நிறைய சொல்வார்கள். குப்பை அட்டவணை ஒரு மாதத்தில் பழகிவிடும். வீடு ஒருமுறை கிடைத்துவிட்டால் இரண்டு ஆண்டுக்குக் கவலை இல்லை. எத்தனை வருடம் இருந்தாலும் தீராத தொல்லை பெயர்தான். புதிதாக ஒரு கணக்கு, ஒரு சிம், ஒரு மருத்துவமனை அட்டை என்று வரும்போதெல்லாம் அது முதலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே இந்த மடலில் பெயரைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். டோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் புதிதாக வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்ப உதவுகிறவர்கள் நாங்கள். கீழே சொல்பவை அந்த வேலையில் திரும்பத் திரும்பக் காண்பவை.

சிக்கல் விமான நிலையத்திலேயே ஆரம்பிக்கிறது. 2012 ஜூலை முதல் வெளிநாட்டவருக்கு வழங்கப்படும் ஜைரியு கார்டில், அதாவது வசிப்பு அட்டையில், பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ரோமன் எழுத்தில் இருக்கும். கத்தகானா வடிவம், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுத ஜப்பானியர் பயன்படுத்தும் ஒலியெழுத்து வடிவம், அதில் கிடையாது. தங்கும் முகவரி முடிவான 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கே குடியிருப்போர் பதிவான ஜூமின்ஹ்யோவிலும் ரோமன் எழுத்துதான். பல அலுவலகங்கள் வசதிக்காக ஒரு கத்தகானா வாசிப்பைத் தங்கள் கணினியில் ஏற்றிக்கொள்கின்றன. அதை எழுதுவது சில இடங்களில் விண்ணப்பிப்பவர், சில இடங்களில் கவுன்டரில் இருப்பவர். அச்சிட்டுத் தரும் சான்றிதழில் அது வருவதும் உண்டு, வராததும் உண்டு. இவ்வளவு தளர்வாகப் பிறந்த அந்த வாசிப்பைத்தான் வங்கி, கைபேசி, மின்சாரம், ஓய்வூதியம் என எல்லோரும் கேட்கிறார்கள். நம்பகமான மூலம் ஒன்று இல்லாததால், அவரவர் தமக்குத் தோன்றியபடி எழுதிக்கொள்கிறார்கள்.

செந்தில்குமார் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பல் ஒலியான 'த'வை ரோமன் எழுத்தில் 'டி', 'ஹெச்' என்ற இரண்டு எழுத்தால் எழுதுவோம். ஆங்கிலம் படித்த ஜப்பானிய அலுவலர் அந்த இரட்டையைக் கண்டதும் ஆங்கில ஒலியாக எடுத்துக்கொண்டு 'சென்ஷிரு' என்று எழுதுவார். கொஞ்சம் வயதானவர் 'த' வரிசையின் பழைய வழக்கப்படி 'சென்ச்சிரு' என்பார். சிறிய 'இ'யைச் சேர்த்து எழுதத் தெரிந்தவர் மட்டும் 'சென்திரு' என்று சரியாக எழுதுவார். பின்பாதியான குமாருக்கு நீட்டல் குறி போட்டால் ஒரு வடிவம், போடாவிட்டால் இன்னொன்று. ஆக, ஒரே மனிதருக்கு ஆறு பெயர். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆறுமே நியாயமான வாசிப்புகள்தாம். ழகரம் வரும் கனிமொழிக்கும், 'வ'வை 'ப' வரிசையிலும் எழுதக்கூடிய வெங்கடேசனுக்கும் கணக்கு இன்னும் கூடும்.

வங்கிக்குப் போனால் ஏழாவது வடிவமும் சேர்கிறது. வங்கிகளுக்கிடையே 1973-இல் தொடங்கிய ஜெங்கின் பணப்பரிமாற்ற வலைப்பின்னல் பெயரை அரை அகலக் கத்தகானாவில் (பாதி அகலத்தில் ஒடுங்கிய எழுத்தில்) கொண்டுபோகிறது. சிறிய எழுத்துகள் அதில் செல்லாது. எல்லாம் பெரிய எழுத்தாகிவிடும். நீட்டல் குறி வெறும் இணைப்புக்கோடாக மாறும். 'சென்திரு' என்று கவனமாக எழுதிய பெயர் அங்கே 'சென்-தெ-இ-ரு' என்று விரிகிறது. சம்பளம் அனுப்பும் கோப்பில் ஒரு ஆளுக்கு 120 பைட். அதில் கணக்காளர் பெயருக்கு 30 இடம். 'க' ஓர் இடம் எடுக்கும், 'ga' ஒலிக்கு எழுத்து ஓர் இடம், மேலே போடும் இரட்டைப் புள்ளி ஓர் இடம் என இரண்டு ஆகும். வெங்கடசுப்ரமணியன் 14 இடம், திருஞானசம்பந்தம் 15 இடம், நடுவே ஓர் இடைவெளி: மொத்தம் சரியாக 30. ஒரே ஒரு நீட்டல் குறி கூடினாலும் வால் அறுந்துவிடும்.

நேரடி விளைவு என்ன? நிறுவனத்தின் கணக்குப் பிரிவு, பணியாளர் தந்த படிவத்தைப் பார்த்துச் சம்பளக் கோப்பைத் தயாரிக்கிறது. கணக்கு எண் சரி, கிளை எண் சரி. பெயரில் ஓர் இடைவெளி வேறுபட்டிருக்கிறது. பணம் திரும்பிப் போகிறது. முதல் மாதச் சம்பளம் கைக்கு வராத ஒருவர் அந்த மாத வாடகையை எங்கிருந்து கட்டுவார்? தானியங்கிக் கட்டணப் பிடித்தத்துக்கான தாள் விண்ணப்பமும் இதே காரணத்தால் திரும்பும். அது திரும்பி வருவதற்கே சில வாரங்கள் ஆகும். அதுவரை மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் கொன்பினி என்ற சிறு அங்காடியில் சீட்டைக் காட்டிக் கட்ட வேண்டும். வங்கி அட்டை பதிவுத் தபாலில், வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற குறிப்போடு வருகிறது. உறையில் கத்தகானா; வீட்டுத் தபால்பெட்டியில் ரோமன் எழுத்து. தபால்காரருக்குச் சந்தேகம் வந்தால், அல்லது வீட்டில் ஆள் இல்லாமல் 7 நாள் கடந்தால், அட்டை வங்கிக்கே போய்விடும். பிறகு முகவரியை நிரூபிக்கும் படலம் தொடங்கும்.

இனி, குடும்பப்பெயர். இதை உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழர் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. தன் பெயர், அதற்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் வரி காலியாக இருப்பது பிழையல்ல. அப்படி விட அனுமதி உண்டு. இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரோடு சாதிப் பட்டம் சேர்ப்பதை விட்டுவிடும்படி தீர்மானம் நிறைவேற்றியது. அந்த அழைப்பைத் தமிழ்நாடு பெருமளவில் ஏற்றுக்கொண்டது. இன்று உங்கள் படிவம் 'குடும்பப்பெயர் கட்டாயம்' என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும்போது, எங்கள் பாட்டன்மார் வேண்டுமென்றே கழற்றி வைத்த ஒன்றைத் தேடி எடுக்கச் சொல்கிறது. ஜப்பானிலும் சாதாரண மக்கள் எல்லோரும் குடும்பப்பெயர் வைத்தாக வேண்டும் என்ற ஆணை 1875-இல்தான் வந்தது. குடும்பப்பெயர் இல்லாத வாழ்க்கை உங்கள் நாட்டுக்கும் அந்நியமானதல்ல. இந்தோனேசியரிலும் மியன்மார் மக்களிலும் பலர் எங்களைப் போலத்தான். 2024 இறுதியில் ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவர் சுமார் 37 லட்சத்து 70 ஆயிரம் பேர். எண்ணிக்கையில் முதல் பத்து நாடுகளுக்குள் இந்த இரண்டும் வருகின்றன. ஆகவே இதை ஒரு சிறு கூட்டத்தின் தனிக் கோரிக்கை என்று தள்ளிவிட முடியாது.

தந்தை பெயரைக் குடும்பப்பெயர் வரியில் எழுதியவர்களுக்குத் தொல்லை வேறு விதம். கணவர் பாஸ்போர்ட்டில் 'பொன்னுசாமி செந்தில்குமார்' என்றிருக்கும். பொன்னுசாமி அவருடைய அப்பா. மனைவி 'செந்தில்குமார் கவிதா', குழந்தை 'செந்தில்குமார் நிலா'. உங்கள் கணினியின் கண்ணில் கணவர் ஒரு குடும்பம், மனைவியும் குழந்தையும் வேறு குடும்பம். குழந்தைக் காப்பகத்தில் தந்தையைப் 'பொன்னுசாமி-சான்' என்று கூப்பிடுவார்கள். அது ஊரில் இருக்கும் தாத்தாவின் பெயர். கைபேசியின் குடும்பச் சலுகை, மருத்துவமனையில் பெற்றோர் ஒப்புதல், பள்ளிக் கட்டணக் கணக்கு என எங்கு போனாலும் 'நீங்கள் உறவா?' என்ற கேள்வி வரும். உறவுமுறை அச்சிட்ட ஜூமின்ஹ்யோவைக் காட்டினால் கேள்வி முடிந்துவிடும். பெரும்பாலும் 300 யென் செலவு. கேட்ட இடத்துக்கெல்லாம் புதுச் சான்றிதழ் என்றால் அதுவும் சேர்ந்துகொண்டே போகும்.

பெயர்ப்பெட்டியில் காலியாக விட முடியாதபோது மக்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒருவர் ஒரே பெயரை இரண்டு பெட்டியிலும் எழுதுகிறார். இன்னொருவர் பெயரை நடுவில் வெட்டி, 'செந்தில்' ஒரு பெட்டி, 'குமார்' ஒரு பெட்டி என்கிறார். வேறொருவர் ஒரு புள்ளியை வைத்துத் தப்பிக்கிறார். மூன்றும் ஏற்கப்படுகின்றன, மூன்றும் ஆறு மாதம் கழித்து, அடையாள அட்டையோடு ஒப்பிடும் இடத்தில் அடிபடுகின்றன. ஏன் நிராகரித்தோம் என்ற காரணத்தைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. எனவே அடுத்த முறை எதைத் திருத்துவது என்று விண்ணப்பித்தவருக்குத் தெரிவதில்லை. தயவுசெய்து காரணத்தை மட்டுமாவது சொல்லுங்கள். 'பெயர் பொருந்தவில்லை' என்ற ஒரு வாக்கியம் ஒருவரின் இரண்டு வார அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இணையப் படிவங்களில் இதற்கு மேல் அகலப் பிரச்சினை. ரோமன் எழுத்துக்கும் எண்ணுக்கும் ஜப்பானியக் கணினியில் முழு அகலம், அரை அகலம் என்று இரண்டு வடிவம் உண்டு. கண்ணுக்குச் சற்றுப் பருமனாகத் தெரிவதைத் தவிர வேறுபாடு இல்லை. பெயர் முழு அகலத்தில், தொலைபேசி எண் அரை அகலத்தில், முகவரி மறுபடி முழு அகலத்தில் என்று ஒரே பக்கத்தில் கேட்கும் படிவங்கள் ஏராளம். தவறினால் பக்கம் முழுவதும் அழிந்து, முதலிலிருந்து நிரப்ப வேண்டும். இந்த வேலையை மனிதர் செய்யத் தேவையே இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் கணினித் தரமான யுனிகோடில் ரோமன் எழுத்தின் அரை அகல வடிவத்துக்கும் முழு அகல வடிவத்துக்கும் உள்ள எண் வித்தியாசம் எப்போதும் 65,248. இடைவெளிக்கு மட்டும் கணக்கு வேறு. யுனிகோடின் 'என்எஃப்கேசி' சீராக்கம் ரோமன் எழுத்தை அரை அகலத்துக்கும் கத்தகானாவை முழு அகலத்துக்கும் மாற்றிவிடும். இடைவெளியையும் அதுவே பார்த்துக்கொள்ளும். உலாவியிலேயே இருக்கும் வசதி, ஒரு வரி நிரல்.

அந்த ஒரு வரி தீர்க்காத இடம் ஒன்று உண்டு: முகவரி எண்களுக்கு நடுவில் வரும் கோடு. விசைப்பலகையைப் பொறுத்து அது இணைப்புக்கோடாக, கழித்தல் குறியாக, கத்தகானா நீட்டல் குறியாக வந்து விழும். முழு அகல இணைப்புக்கோட்டை என்எஃப்கேசி சரிசெய்யும். மற்ற இரண்டையும் தொடாது. அதற்குத் தனியாக ஒரு மாற்று அட்டவணை வேண்டும். அந்த மாற்றத்தை இரண்டு எண்களுக்கு நடுவில் மட்டும் செய்யுங்கள். எல்லா இடத்திலும் செய்தால் கட்டடப் பெயரில் 'டவர்' என்பதன் கடைசி நீட்டலும் கோடாகி, வார்டு அலுவலகப் பதிவோடு முகவரி ஒத்துப்போகாது.

'சட்டம் கேட்கிறது, நாங்கள் என்ன செய்வது?' என்ற பதிலைக் கவுன்டர்களில் அடிக்கடி கேட்கிறோம். குற்ற வருமானம் கைமாறுவதைத் தடுக்கும் சட்டம் வங்கியிடமும், கைபேசி முறைகேட்டுத் தடுப்புச் சட்டம் தொலைபேசி நிறுவனத்திடமும் தனிநபரின் அடையாளத்துக்காகச் சரிபார்க்கச் சொல்வது பெயர், வசிப்பிடம், பிறந்த தேதி ஆகிய மூன்றைத்தான். பெயர் கத்தகானாவில் இருக்க வேண்டும் என்றோ, இரண்டாகப் பிரிய வேண்டும் என்றோ அவை சொல்லவில்லை. ஜெங்கின் வலைப்பின்னல்கூடப் பெரிய ரோமன் எழுத்தை ஏற்கும். தடை இருப்பது படிவத்தில்தான். அதை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

எழுதிய பெயர் தவறாவதற்கு இன்னொரு காரணம், அட்டையிலிருந்து பெயரை நேரடியாக எடுக்க முடியாதது. ஜைரியு கார்டின் சிப்பில் அட்டையின் முன்பக்கம் படமாக இருக்கிறது. ஆகவே யாரோ பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும், அல்லது படத்தை எழுத்தாக்கும் நிரலை நம்ப வேண்டும். அரசின் தனிநபர் எண் அட்டையான மை நம்பர் கார்டின் சிப்பிலோ பெயர், முகவரி, பிறந்த தேதி, பாலினம் ஆகியவை எழுத்தாகவே இருக்கின்றன. அதை அப்படியே படித்துப் பெயர்ப்பெட்டியில் போட்டால் தட்டச்சுப் பிழைக்கு வழியே இல்லை. ஆனால் பல செயலிகள் அட்டையைப் படித்த பிறகும் பெயரை மறுபடி முழு அகலத்தில் அடிக்கச் சொல்கின்றன. சிப்பில் உள்ளதும் அடித்ததும் ஒத்துப்போகவில்லை என்று தாமே நிராகரிக்கின்றன. இதை முதலில் நிறுத்துங்கள்.

தீர்வுக்கான முன்மாதிரி உங்களிடமே இருக்கிறது. முத்திரைப் பதிவில், சீன எழுத்தான காஞ்சியில் பெயர் இல்லாத வெளிநாட்டவரின் கத்தகானா வடிவத்தை ஜூமின்ஹ்யோவின் குறிப்புப் பகுதியில் ஏற்றினால், அந்த எழுத்துகள் செதுக்கிய ஹாங்கோவை (கையெழுத்துக்குப் பதில் பதிக்கும் முத்திரையை) பதிவு செய்யலாம். முத்திரையின் அச்சு பொதுவாக 8 மில்லிமீட்டர் சதுரத்தைவிடப் பெரிதாகவும் 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கியும் இருந்தால் சரி. அதாவது, ஒரு மரத்துண்டுக்காகக் கத்தகானாவை அதிகாரபூர்வமாகப் பதிய வழி இருக்கிறது. சம்பளத்துக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் இல்லை. ஜப்பானியருக்கு 2025 மே 26 முதல் குடும்பப் பதிவேட்டிலேயே பெயரின் வாசிப்பு சட்டப்படி ஏறுகிறது. எல்லோருக்கும் அஞ்சலில் அறிவிப்பு போயிற்று, தவறிருந்தால் திருத்த ஓராண்டு கொடுத்தார்கள். வெளிநாட்டவருக்குக் குடும்பப் பதிவேடு இல்லாததால் நாங்கள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறோம்.

வாசிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு அனுபவித்திருக்கிறது. 2007-இல் யாருடையது என்று தெரியாத ஓய்வூதியப் பதிவுகள் சுமார் 5 கோடி இருப்பது வெளிவந்தது. பெயரின் வாசிப்பைத் தவறாக ஏற்றியது அதற்கான காரணங்களுள் ஒன்று. மை நம்பர் இணைப்பால் இன்று அந்த ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனாலும் ஊர் திரும்பும் பணியாளர், வெளியேறிய இரண்டு ஆண்டுக்குள் ஓய்வூதியத் தொகையைத் திரும்பக் கோரும்போது, ஓய்வூதியப் பதிவில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் வேறொரு பெயரும் இருந்தால் கோவையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அதை எப்படிச் சரிசெய்வார்?

எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுதான்: முதல் முகவரிப் பதிவின்போதே கத்தகானா வாசிப்பை அவரவரே எழுதட்டும், அதை ஜூமின்ஹ்யோவில் அதிகாரபூர்வமாகப் பதிந்து, சான்றிதழிலும் மை நம்பர் கார்டின் சிப்பிலும் சேருங்கள். மற்றவர்கள் அதையே எடுத்துக்கொள்ளட்டும். உள்ளாட்சிகளின் கணினிகளை நாடு முழுவதும் ஒரே தரத்துக்குக் கொண்டுவரும் வேலை நடக்கும் காலம் இது. ஜைரியு கார்டையும் மை நம்பர் கார்டையும் ஒரே அட்டையாக்க 2024-இல் சட்டமும் நிறைவேறிவிட்டது. ஒரு வரி சேர்க்க இதைவிட நல்ல நேரம் அமையாது.

படிவம் வடிவமைப்பவர்களிடம் கேட்பது இன்னும் எளிது. பெயருக்கு ஒரே பெட்டி வையுங்கள். இரண்டு வேண்டியே தீருமென்றால், குடும்பப்பெயர் இல்லை என்று குறிக்க ஒரு கட்டம் கொடுங்கள். ரோமன் எழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். முழு அகலப் பெட்டியில் 10 எழுத்துக்கு மேல் ஏறாத வரம்பை நீக்குங்கள். வெங்கடசுப்ரமணியன் ரோமன் எழுத்தில் மட்டும் 18. பாஸ்போர்ட்டின் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம் உண்டு. அதை உங்கள் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளலாம்.

அதுவரை புதிதாக வருவோருக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. வார்டு அலுவலகம் போகும் முன்பே கத்தகானா வடிவத்தை முடிவு செய்து தாளில் எழுதிக் கொண்டுபோங்கள் என்கிறோம். சிறிய எழுத்து எங்கே, நீட்டல் எங்கே, இடைவெளியா நடுப்புள்ளியா என்பதுவரை அதில் இருக்க வேண்டும். அதைப் படம் எடுத்து வைத்து, எங்கும் அதையே பாருங்கள். வங்கிக் கணக்கு கிடைத்ததும் பாஸ்புக்கில் அல்லது செயலியில் அச்சாகியிருக்கும் அரை அகலப் பெயரை அப்படியே நகலெடுத்து அலுவலகக் கணக்குப் பிரிவுக்குக் கொடுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். தபால்பெட்டியில் ரோமன், கத்தகானா இரண்டையும் ஒட்டுங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது, காலியாக இருந்த குடும்பப்பெயர் வரியை யாரோ சொன்னார்கள் என்று நிரப்பிவிடாதீர்கள். அட்டைப் பெயர் மாறினால் 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பிறகு வங்கி, கைபேசி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் சோதனைத் தரவில் பெரும்பாலும் இரண்டு காஞ்சிக் குடும்பப்பெயரும் இரண்டு காஞ்சித் தன்பெயரும் கொண்ட ஒரு தாரோவோ ஹனாகோவோதான் இருப்பார். அடுத்த வெளியீட்டுக்கு முன் இவர்களையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்: குடும்பப்பெயர் காலியான செந்தில்குமார், 30 இடத்தையும் நிரப்பும் வெங்கடசுப்ரமணியன் திருஞானசம்பந்தம், கணவரின் தன்பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்ட கவிதா. இந்த மூவரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தடையின்றிப் போனால் படிவத்தை வெளியிடுங்கள். எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள். வந்து உட்கார்ந்து நிரப்பிக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
புதிதாக வருவோருக்குப் படிவம் நிரப்ப உதவும் ஜப்பான்வாழ் தமிழர்கள்